பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் திருவண்ணாமலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் கரும்பலகையில்தான் நடந்தது. கம்ப்யூட்டரோ ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு துணிக்குள் கிடந்தது.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் துணியை விலக்கி ஒரு பொத்தானை அழுத்திவிட்டேன். சார் பிரம்பால் விளாசினார். தடுக்கப்போன என் சுட்டுவிரல் முறிந்தது.

பள்ளி வாசலில் கொய்யா விற்றுக்கொண்டிருந்த அம்மா, என் அலறல் கேட்டு ஓடிவந்து பிரம்பைப் பிடுங்கி அவர் முதுகிலேயே விளாசினாள்.

"புள்ளைங்க தொடக்கூடாதுன்னா கோயில்ல கொண்டுபோய் வைங்க சார்! பள்ளிக்கூடத்துல எதுக்கு?"

இப்போது நானே கம்ப்யூட்டர் டீச்சர். போன வாரம் ஒரு மாணவி கீபோர்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். ஆத்திரத்தில் கையை ஓங்கினேன். நிமிராத என் சுட்டுவிரல் கண்ணில் பட்டது. கையை இறக்கிவிட்டேன்.

அதற்குள் அவள் தன் விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்தாள்.