முன்னால் போகிறவன் சட்டை

சனிக்கிழமை காலைகளில் எங்கள் வளவுக் கொடியில் இரண்டு வெள்ளைச் சட்டைகள் தொங்கும். ஒன்று என்னுடையது, மற்றது என் சகலனுடையது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். ஆகவே அக்காவைக் கட்டிய அவரும் தங்கையைக் கட்டிய நானும் கல்முனைக்குடியில் ஒரே வளவில் இரண்டு வீடுகளில் குடியிருந்தோம். கிணறு ஒன்று, கொடி ஒன்று. கிடுகு வேலி ஆளுயரம். ஆனால் கடற்காற்றுப் படட்டும் என்று பெண்கள் கவைக் கம்பால் கொடியை உயர்த்திவிடுவார்கள். சட்டைகள் வேலிக்கு மேலே தலைகாட்டி, தெருவைப் பார்த்துக் கைகளை ஆட்டும்.

அவர் சட்டை கொக்கு. என் சட்டை செங்கல் கழுவிய தண்ணீர். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கல்லில் அடித்தாலும் கழுத்துப் பட்டியில் அந்தச் சிவப்பு தங்கிவிடும். தெருவால் போகிறவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியும். நேற்று யார் முன்னால் போனார், யார் பின்னால் தூசி தின்றார் என்று ஊருக்கே அந்தக் கொடி சொல்லிவிடும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. உலகச் சண்டை முடிந்து பட்டாளம் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்கள் ஏலத்தில் ஒரு கை, இரண்டு கை மாறி எங்கள் கடற்கரைக்கு வந்து சேரும்போது பாதி இரும்பாகவும் பாதி கையேந்திக் கேட்ட துஆவாகவும் இருக்கும். அப்படியான மூன்று எங்கள் மூவரிடமும் இருந்தன. சகலன் சாய்ந்தமருதில் கரைவலை வைத்திருந்த சம்மாட்டி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணன் முறையில் நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். எனக்கு மருதமுனையில் சில தறிகள், அவற்றில் நெய்த சாரன்களை ஊரூராகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வியாபாரம். மூன்றாமவர் தம்பிலுவில் ஊர்த் தமிழர், அப்போதிக்கரி. கல்முனை ஆஸ்பத்திரியில் உத்தியோகம். முழு டொக்டர் இல்லாவிட்டாலும் நாங்கள் அவரை டொக்டரய்யா என்போம். அவருக்கு அதில் ஒரு சந்தோசம்.

என் வண்டியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் வாங்கும்போதே அதன் சேறு தெறிக்காமல் தடுக்கும் பின்மட்காட்டில் பாதி இல்லை. எனக்குப் பின்னால் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு நான் அதைத் தேடிப் போடவுமில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மூவரும் தெற்கே போவோம். நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, அதற்கும் அப்பால். தார் முடிந்து செம்மண் கிறவல் தொடங்கினால் முன்னால் போகிறவனுக்குத்தான் றோட்டு. மற்றவர்களுக்கு அவன் கிளப்பிவிட்ட றோட்டு. யார் முன்னால் போவது என்று முதலில் பெரிய வாக்குவாதம் நடந்தது. டொக்டரய்யா ஒரு வழி சொன்னார். பள்ளிவாசல் முன்னால் வாகை மரத்தடியில் மூன்று வண்டிகளும் ஜும்ஆ முடியும்வரை ஆறிக் கிடக்க வேண்டும். தொழுகை முடிந்து வந்ததும் உதைப்பது. எது முதலில் பற்றுகிறதோ அது முன்னால். பற்றிய ஒழுங்கில்தான் போக வேண்டும், போன ஒழுங்கில்தான் திரும்பி வர வேண்டும். இடையில் யாரும் யாரையும் முந்தக் கூடாது.

அவர் தொழ வராதவர் என்பதால் எதிரே தேத்தண்ணிக் கடையில் இருந்து வண்டிகளுக்குக் காவல். நாங்கள் வெளியே வந்ததும் மூன்று எஞ்சின்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. "காய்ச்சல் இல்ல. உதையுங்க" என்பார்.

பேஷ் இமாம் குத்பாப் பிரசங்கம் ஓதும்போது என் வலது கால் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருக்கும். தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்ததும் நான்தான் முதலில் செருப்பைத் தேடுவேன். காக்கா அவசரமின்றி ஆறுதலாக ஸுன்னத்துத் தொழுவார். பிறகு நீண்ட துஆ. பிறகு வாசலில் நிற்கும் கிழவர்களுடன் கை கொடுத்துச் சுகம் விசாரிப்பார். அவர் வாகையடிக்கு வரும்வரை உதைக்கக் கூடாது என்பது ஒழுங்கு. நான் நின்று வேகுவேன். அவர் வருவார். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். பெற்றோல் தாங்கில் ஒட்டியிருக்கும் மீன்செதிலை நகத்தால் சுரண்டிவிடுவார். அவர் உதைத்ததை நான் கண்டதேயில்லை. படுத்திருக்கும் மாட்டைக் காலால் தட்டி எழுப்புவதுபோல, மிதியில் பாதத்தை வைத்து ஒரு அழுத்து. அவ்வளவுதான். அது எழும்பிவிடும்.

நான் உதைப்பேன். உதைப்பேன். சாரன் அவிழும், கட்டுவேன், உதைப்பேன். டொக்டரய்யாவின் வண்டியும் பற்றிவிடும். இரண்டு பேரும் எஞ்சினை ஓடவிட்டு, என்னைப் பார்க்காததுபோல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்க்காமை இருக்கிறதே, அது சுடும்.

நான் என் வண்டிக்குச் செய்யாத பணிவிடை இல்லை. பின்னேரம் தறிகள் ஓய்ந்ததும் அதன் முன்னால் குந்திவிடுவேன். காபரேட்டரைக் கழற்றி ஊதுவேன். பொறி தரும் மேக்னெட்டோவைத் துடைப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் பிளக்கைக் கழற்றி, எண்ணெய் காயட்டும் என்று அடுப்படியில் சிரட்டைத் தணலில் வைப்பேன். ஒரு பக்கம் புட்டு அவியும், மறுபக்கம் பிளக்குக் கிடந்து கருகும். உங்கட பிளக்குக்கும் சேத்தா உலை வைக்கிற என்று மனைவி கேட்பாள்.

காக்காவின் வண்டியோ முற்றத்துப் பூவரசின் கீழ் வெயிலிலும் பனியிலும் கிடந்தது. அதன் ஹாண்டிலில் காகம் இருக்கும். அவர் அதைத் துடைத்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டு, என்னதான் செய்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒண்டும் செய்யிறல்ல தம்பி. அது பத்தும்" என்றார்.

டொக்டரய்யாவிடம் முறையிட்டபோது அவர் சிரித்தார். "மொதலாளி, புண்ண ஒவ்வொரு நாளும் அவிட்டுப் பாத்தா ஆறுமா? கொஞ்ச நாளைக்கு அதச் சும்மா விடுங்க."

சும்மா விட என்னால் முடியவில்லை. சும்மா விடுவது அவருடைய வித்தை. அதைச் செய்தால் அதிலும் நான் அவருக்குப் பின்னால்தான்.

இது என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பொறாமை கொடி வழியாக எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மனைவியின் ராத்தா, காக்காவைக் கட்டிய அக்கா, நல்லவள். கள்ளமில்லாமல் கதைப்பவள். ஒரு சனிக்கிழமை கிணற்றடியில் அவள், நீலம் கொஞ்சம் கூடப் போட்டால் சிவப்பு மங்கும் என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மனைவி வெறும் வாளியோடு உள்ளே வந்தாள். வாளியை வைத்த சத்தத்திலேயே விசயம் இருந்தது.

"இஞ்சேருங்க" என்றாள். "ஒரு வெள்ளிக்கிழமையாவது முன்னுக்குப் போங்களன்."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. றோட்டுப் பக்கத்து வீடு ராத்தாவுக்குத்தான் கிடைத்தது. முதல் பிள்ளையும் அவளுக்குத்தான். இவள் ஒன்றுக்கும் வாய் திறந்தவளில்லை. இப்போது ஒரு சட்டைக்காகக் கேட்கிறாள். அதன் பிறகு எனக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு வெள்ளைச் சட்டை.

மாரி தொடங்கியது. வயல்கள் நிரம்பின. தம்பிலுவில் பக்கம் தண்ணீர் ஊருக்குள் ஏறுகிறது, ஆறு கடலில் விழும் வாயை அடைத்திருக்கும் மணல்மேட்டை அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வெட்டிவிடப் போகிறார்கள் என்று டொக்டரய்யா சொல்லியிருந்தார். வெட்டியதும் ஆறு உறுமிக்கொண்டு கடலுக்குள் பாயும், அதைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும் என்றார். எங்கள் மூவரில் அதைப் பார்க்க அதிகம் ஆசைப்பட்டவர் காக்கா. கடலோடு வாழ்ந்தும் அதை ஒருமுறையும் பார்க்கக் கிடைக்கவில்லை என்று வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று குத்பா நடக்கும்போதே மழை கொட்டியது. வெளியே வந்தேன். வாகை மரம் மூன்று வண்டிகளிலும் சொட்டிக்கொண்டு நின்றது. என் வண்டியின் மேக்னெட்டோவில் ஏதோ சுற்றியிருந்தது. குனிந்து பார்த்தேன். எங்கள் சாப்பாட்டு மேசையின் எண்ணெய்ச் சீலையில் வெட்டிய துண்டு. பன்புல் கயிற்றால் இறுக்கி, பெண்கள் போடும் முடிச்சு. காலையில் நான் குளிக்கும் நேரம் அவள் கட்டியிருக்கிறாள். மழைத் தண்ணீர் உள்ளே போகாதிருக்க; பள்ளிக்கு வந்த அவசரத்தில் நான் அதைக் காணவில்லை.

டொக்டரய்யா கை வைத்தார். காய்ச்சல் இல்லை. காக்கா அழுத்தினார். அவர் வண்டி ஒரு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் உதைத்தேன். ஒரே உதை.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? என் மார்புக்குள் ஒரு கதவு திறந்து, அதற்குள்ளே ஒரு சந்தை முழுவதும் கூவியது. காக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் தேடியது இருக்கவில்லை. "போ தம்பி, முன்னுக்குப் போ" என்றார், சிரித்துக்கொண்டு.

போனேன். மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது. எனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை. காரைதீவுத் தென்னைகள் என்னை நோக்கி வந்தன. நிந்தவூரில் றோட்டின் இரு பக்கமும் வயல் வானத்தைப் பிடித்து வைத்திருந்தது. கொக்குகள் எனக்காக எழும்பின. கடைவாசலில் நின்றவர்கள் முதலில் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் இதையெல்லாம் இந்த மனிதர்தானா பார்த்துக்கொண்டு போனார் என்ற நினைப்பு வந்ததும் அந்த அழகெல்லாம் அவர் பாவித்துப் பழசாக்கித் தந்ததுபோல ஆகிவிட்டது. அதன் பிறகு என் காது முழுவதும் பின்னால்தான். இரண்டாம் அழுத்தில் பற்றிய அவர் எஞ்சின் ஒரே சீராக என் முதுகில் எழுதிக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அக்கரைப்பற்றுக்கு அப்பால் ஒரு தாம்போதி. றோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வெள்ளம் ஓடுவதற்காகத் தாழ்த்திக் கட்டிய இடம். வெள்ளம் கலங்கி ஓடியது, எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. தூசி இல்லாத நாளில் முன்னால் போகிறவனுக்கு இதுதான் வேலை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிற்க மனம் வரவில்லை. இறங்கினேன். நடுவில் முன்சில்லு ஒரு குழிக்குள் விழுந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. எஞ்சின் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது.

இப்போது திரும்பிப் பார்த்தேன். காக்கா கரையில் ஒரு காலை ஊன்றி நின்றார். அவர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய நெஞ்சிலே சிவப்புச் சேற்றுப் பொட்டுகள். அது என் பாதி மட்காட் செய்த வேலை. நான் எங்கே விழுந்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. குழியை விலத்தி ஓரத்தால் போனால் சுகமாகக் கடக்கலாம். டொக்டரய்யாவும் அதைத்தான் சொன்னார். சம்மாட்டியார் போய்ப் பார்க்கட்டும், தான் மொதலாளியோடு நிற்பதாக.

"ஏலா டொக்டரய்யா" என்றார் காக்கா. "இண்டைக்குத் தம்பிதான் முன்னுக்கு. அவன் போனாத்தான் நாங்க போற."

எஞ்சினை நிறுத்தினார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து என் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார். நான் மனதுக்குள் கெஞ்சினேன்: போய்விடுங்கள், என்னைக் கடந்து போய்விடுங்கள். அவர் கடந்து போயிருந்தால் என் பொறாமைக்கு ஒரு வருசச் சாப்பாடு கிடைத்திருக்கும்.

கரையேறினோம். ஒரு தேத்தண்ணிக் கடை அடுப்பில் பிளக்கைச் சுட்டு, மேக்னெட்டோவை என் சால்வையால் ஒற்றி, உயிர் வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அங்கே ஆற்றுவாயை வெட்டிவிட்டார்கள் என்று சைக்கிளில் வந்த ஒருவன் சொன்னான். ஆறு கடலைக் கிழித்துக்கொண்டு போன கதையைக் கைகளை விரித்து விவரித்தான். காக்கா தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி சின்னப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன ஒழுங்கில்தான் திரும்ப வேண்டும். நான் முன்னால். என் எஞ்சின் நின்று நின்று ஓடியது. நின்றால் தள்ளிவிடலாம் என்று அவர் என் பின்சில்லோடு ஒட்டி வந்தார். கிறவல் சேறு முழுவதும் அவர் மேல். சாய்ந்தமருதுக் கடைத்தெருவில் அவர் கோலத்தைப் பார்த்துச் சனம் சிரித்தது. என்ன சம்மாட்டியார், வயல் உழுதிட்டா வாறீங்க என்று ஒருவன் கேட்டான். அவர் வண்டியை நிறுத்தி, என் ஒரே உதையைப் பற்றி அவர்களுக்குச் சொன்னார். நான் சொன்னால்கூட அவ்வளவு அழகாக வந்திருக்காது. என் வெற்றி அவர் வாயில்தான் வெற்றியாக இருந்தது.

சனிக்கிழமை வெயில் எறித்தது. மனைவி என் சட்டையைத் தெருப்பக்கமாகப் போட்டுக் கவைக் கம்பை வழமையைவிட உயர்த்தினாள். மழையில் நனைந்த வெள்ளை. பார்க்கக் கண் கூசியது. பிறகு கிணற்றடியைப் பார்த்து, "ராத்தா, நீலம் வேணுமா?" என்று கேட்டாள். ராத்தா வாய்விட்டுச் சிரித்தாள். காக்காவின் சட்டையில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு சிவந்த கோடு. அவள் எவ்வளவு அடித்தும் அது போகவில்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அன்று ஈத் பெருநாள் இருந்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காக்கா அந்தச் சட்டையையே ஜும்ஆவுக்கு உடுத்திக்கொண்டு வந்தார். பள்ளிவாசலில் கிழவர்கள் கறையைத் தொட்டுத் தொட்டு என்ன என்று கேட்டார்கள். அவர் தாம்போதியில் தொடங்கிக் கதை சொன்னார். ஒவ்வொரு முறையும் கதையின் முடிவில் எல்லோரும் அவர் தோளைத் தட்டினார்கள். என் வெள்ளைச் சட்டையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளையில் கேட்க என்ன இருக்கிறது? அன்று அவர் வண்டி ஒரு அழுத்தில் பற்றியது. நான் கடைசியில் போனேன். தூசி இல்லாத றோட்டிலே அந்தக் கறையை நினைத்துக்கொண்டே போனேன்.

அந்த மாதமே மட்டக்களப்பில் தேடி ஒரு முழுப் பின்மட்காட் வாங்கிப் போட்டேன். வண்டியை விற்கும்வரை நான் பிறகு ஒருநாளும் முன்னால் போகவில்லை. மனைவியும் அதன்பின் கேட்கவில்லை. ஆனால் என் பின்னால் வந்து இன்னொருவன் அப்படி ஒரு கறையைச் சம்பாதித்துக்கொண்டு போக நான் இடம் வைக்கவில்லை.