டோபனுக்கு அரைத்த மிளகாய்

"இன்னும் நைசா அரைக்கோணுங்களாம்மா?"

"ஒட்டுனாப் போதும். கண்ணத் தொட்டுறாத."

குழவியைத் தள்ளிக்கொண்டிருந்த லோகப்பிரியா அதற்குள் கண்ணைத் தொட்டுவிட்டாள். அம்மா நாச்சியம்மாள் சேலைத் தலைப்பால் ஒற்றி, வாயால் ஊதினாள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மிளகாய் அரைக்கும் கல்லுக்கு வரிசை நின்றது.

அடுத்து நின்ற பெண் குனிந்து கேட்டாள். "உங்களுக்கு என்ன போச்சுங்க?"

அந்த இடத்தில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது அதுதான். பறிகொடுத்தவர்களும் ஏமாந்தவர்களும் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி, இனி அம்மன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போகிற இடம்.

"மோட்டார் ஒயருங்க," என்றாள் நாச்சியம்மாள். "கிணத்து மோட்டார் ஒயர ராவோட ராவா உருவிட்டுப் போயிட்டானுங்க. உங்களுதுங்க?"

"ஆடுங்க. அம்மணியும் ஒயருக்குத்தான் அரைக்குதுங்களா?"

"அவளுது வேறங்க. பெரிய கேசு."

லோகப்பிரியாவுக்கு இருபத்தேழு வயது. சூலூர் பக்கம் தோட்டத்தில் வீடு. பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில், செய்து முடித்த பம்புகளை ஓட்டிப் பார்த்துத் தேறியது தேறாதது சொல்லும் வேலை. ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி நூலகத்தில் ஓர் ஆங்கில நாவலின் முதல் பாகம் கிடைத்தது. பூமியிலிருந்து வேறொரு சூரியனைத் தேடிப் போகும் கப்பல். போய்ச் சேர மூன்று தலைமுறை ஆகும். கப்பலிலேயே பிறந்த பிள்ளைகளின் கதை. பதின்வயதினருக்கு என்று அட்டையில் போட்டிருந்தது. அவள் பதின்வயதைத் தாண்டினாள், கல்லூரி முடித்தாள், வேலைக்குப் போனாள். கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு பாகம் வந்ததும் படித்துவிட்டு, பால் கறக்கும் அம்மாவிடம் போய்ச் சொல்வாள். நாச்சியம்மாள் கதாநாயகி இல்ராவைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. "அவ எப்பப் பாத்தாலும் வெடுக்குவெடுக்குனு பேசுவா." அவளுக்குப் பிடித்தவன் கப்பலின் சமையல்காரன் டோபன். தொட்டியில் வளர்க்கும் பாசியை வைத்தே விதவிதமாக ஆக்கிப் போடுகிறவன். "இன்னிக்கு என்ன ஆக்குனான்?" என்றுதான் கதையை ஆரம்பிக்கச் சொல்வாள்.

ஐந்தாவது பாகம், கடைசிப் பாகம், போன மாதம் வந்தது. லோகப்பிரியா லீவு போட்டுப் படித்தாள். முடித்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. ஐந்தையும் ஒரு தவிட்டுச் சாக்கில் போட்டுக் கட்டினாள். அந்தச் சாக்கு இப்போது அவள் காலடியில் கிடந்தது. திரும்பும் வழியில் பொள்ளாச்சியில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடுவதாக இருந்தாள். சூலூர்க் கடையில் போட்டால் மறுநாளே போய் எடுத்து வந்துவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

"என்ன கேசு கண்ணு? சொல்லக்கூடாதா?" ஆடு பறிகொடுத்த பெண் விடவில்லை.

"கதையில வர்றவருங்க. டோபன்னு பேரு. கப்பல்ல சமையல். நாலு புஸ்தகமா அத்தன பேருக்கும் சோறாக்கிப் போட்டாரு. அஞ்சாவதுல செத்துட்டாருங்க."

"அட சாமி. எப்படி?"

"அதாங்க தெரியாது. எறங்குறப்ப யாரு யாரு வந்து சேந்தாங்கன்னு ஒரு எடத்துல வருது. அதுல அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்காங்க, டோபனையும் இழந்திருந்தோம்னு. அவ்வளவுதானுங்க."

"எடுத்தாங்களா, எரிச்சாங்களா, ஒண்ணுஞ் சொல்லுலியா?"

"இல்லீங்க. அடுத்த பக்கத்துல எல்லாரும் உக்காந்து சாப்புடறாங்க."

"ஆரு ஆக்குனது?"

"அதுவும் இல்லீங்க."

அந்தப் பெண் நாச்சியம்மாளைப் பார்த்தாள். நாச்சியம்மாள் தலையை ஆட்டினாள். அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு கை மிளகாயை அள்ளிக் கல்லில் போட்டாள். "எம்படதையும் சேத்தி அரை கண்ணு. ஆடு போனாப் போவுது."

நீதிக்கல்லின் முன்னால் நின்றதும் நாச்சியம்மாள் கண்ணை மூடினாள். "ஒயர எடுத்தவன நீயே பாத்துக்க தாயி." ஒரு விரல் பூசினாள். மீதி கை நிறைய இருந்தது.

"இப்பச் சொல்லு. எழுதுன அந்தம்மா பேரென்ன, ஊரென்ன?"

லோகப்பிரியா சாக்கைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"பேரு ஊரு சொல்லாம அம்மனுக்கு எப்படித் தெரியும்? நீதானே வரோணும்னு நின்னே."

"அவிங்களுக்கு என்னாகுங்கம்மா?"

"கை காந்தும்."

"கையா?"

"செஞ்ச கைதானே காந்தோணும்."

"எழுத முடியாமப் போயிருங்களா?"

"மொளகா சும்மாவா."

லோகப்பிரியா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்கம்மா."

"ஏன்?"

"அடுத்து வேற கதை எழுதறாங்களாம். கடலுக்கடியில ஒரு ஊராம்."

பின்னால் யாரோ, "சித்தெ சீக்கிரமுங்க," என்றார்கள். நாச்சியம்மாள் நகரவில்லை. "அப்ப உனக்குக் கோவம் இல்லியா?"

"இருக்குதுங்க. நெறைய இருக்குது. ஆனா கை நல்லா இருக்கோணும்."

நாச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை முழுவதும் மிளகாய். வாயைப் பொத்தவும் வழியில்லை. லோகப்பிரியாவும் சிரித்தாள். ஒரு கண்ணில் தண்ணீர் வழிய, போன மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அரைச்சது வீணாகக் கூடாது," என்று நாச்சியம்மாள் மீதியை எல்லாம் ஒயர்த் திருடன் பேரில் அப்பினாள். "அவனே சேத்தி வாங்கட்டும்."

"அதுல எம்பட மொளகாயும் இருக்குதுங்க," என்றது பின்னாலிருந்து ஆட்டுக்காரியின் குரல். "எம்பட திருடனுக்கும் ஒரு வெரலு."

கை கழுவிவிட்டு வந்த நாச்சியம்மாள் அன்னதான நன்கொடை வாங்கும் இடத்தில் நின்றாள். எழுதுகிறவர் நிமிராமல் கேட்டார். "பேருங்க?"

"டோபன்னு போடுங்க."

"நட்சத்திரம்?"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவரு கப்பல்ல பொறந்தவருங்க," என்றாள் லோகப்பிரியா.

"எங்க பொறந்தாலும் நட்சத்திரம் உண்டுங்க."

"இவ நட்சத்திரத்தையே போட்டுக்கங்க," என்றாள் நாச்சியம்மாள். "பூராடம்."

அவர் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

பந்தியில் உட்கார்ந்ததும் நாச்சியம்மாள் மகளின் இலையைக் காட்டினாள். "டோபன் போட்ட சோறு. மிச்சம் வெக்காத." லோகப்பிரியா இரண்டாவது முறை சோறு வாங்கினாள். ரசத்துக்கு மறுபடியும் வாங்கினாள். கடலுக்கடியில் இருக்கிற ஊரில் எதை ஆக்குவார்கள் என்று நாச்சியம்மாள் கேட்டாள். இன்னும் எழுதியே முடிக்கவில்லை என்றாள் மகள். "மீனுக்குப் பஞ்சம் இருக்காது," என்றாள் அம்மா.

பொள்ளாச்சியில் பஸ் மாறினார்கள். பேப்பர் கடை எந்தத் தெருவில் என்று லோகப்பிரியா முன்பே விசாரித்து வைத்திருந்தாள். விசாரித்ததோடு சரி. சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. திருடன் அகப்படவில்லை. நாச்சியம்மாள் புது ஒயர் வாங்கிவர ஆள் அனுப்பினாள். லோகப்பிரியா பஸ் ஏறி பீளமேடு போனாள். இரண்டு பம்புகளைத் தேறாது என்று ஒதுக்கி வைத்தாள். மதியம் முகம் கழுவியபோது கண் கொஞ்சம் எரிந்தது. சாயங்காலம் வந்து சாக்கை அவிழ்த்தாள். நான்கு புத்தகங்களை அலமாரியில் வைத்தாள். ஐந்தாவதை அலமாரிக்கு மேலே, பழைய மிக்ஸிக்குப் பக்கத்தில் போட்டாள். சாக்கை உதறி மாட்டுக் கொட்டகையில் கொடுத்தாள். அதில் தவிடு போட்டு வைத்தார்கள்.