லைல் அண்ணன் கலந்து கொடுத்தது

எங்கள் அண்ணன் லைல் ப்ரிபிலுக்கு ஒரு ஆளைச் சும்மா பார்த்துப் பேச வராது. வந்தவர் கையில் ஒரு கிளாஸைத் திணித்தால்தான் பேச்சே தொடங்கும். தபால்காரரோ பாதிரியாரோ, வீட்டு வரி மதிப்பிட வந்தவரோ, யாராக இருந்தாலும் கீழே நிலவறைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். எங்கள் மேனிடவாக் ஊரில் இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஏரிக்காற்றில் பாதி வருடம் விறைத்துக் கிடக்கிற ஊர் இது. இங்கே வீடு கட்டுகிறவன் பிள்ளைகளுக்குத் தனி அறை கட்டுகிறானோ இல்லையோ, நிலவறையில் ஒரு பார் மேடை போட்டுவிடுவான்.

அண்ணனின் மேடை, இடித்துப்போட்ட பௌலிங் கூடத்தின் தரைப் பலகையில் அவரே இழைத்துச் செய்தது. கிரேன் ஆலையில் வெல்டராக இருந்தார். பகலில் இரும்புப் புகை, மாலையில் மால்ட் வேகிற ஆவி. பீரை அவரே காய்ச்சுவார். யாராவது கடை பீரை நீட்டினால் ஒரு வாய் குடித்துவிட்டு, "பாவம், இத மூத்திரமா விட்ட குதிரைய டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு" என்பார்.

சனிக்கிழமைகளில் அவருடைய கூட்டாளிகள் வருவார்கள். எல்லாருமே வீட்டில் காய்ச்சுகிறவர்கள். காகிதப் பையில் மறைத்த பாட்டில்களை மேடையில் வைப்பார்கள். யாருடையது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக ருசி பார்த்துக் குறை சொல்ல வேண்டும். "வாழைப்பழ வாடை அடிக்குது, ஈஸ்ட்ட சூட்டுல வெச்சுட்டான்." "இது நனைஞ்ச அட்டைப்பெட்டி. போன வருஷத்து சரக்கு." சண்டை பிடித்துக்கொள்வார்கள். தன் பாட்டிலையே தெரியாமல் திட்டிவிட்டு முழிக்கிறவனும் உண்டு. இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். அந்தக் கூச்சலுக்கு நடுவர் வேலை என் தலையில்.

பீர் கூட்டாளிகளுக்கு. விருந்தாளி என்றால் பிராந்தி காக்டெயில். கிளாஸில் ஒரு சர்க்கரைக் கட்டி, ஆரஞ்சுத் துண்டு, செர்ரி, ரெண்டு துளி பிட்டர்ஸ். எல்லாவற்றையும் மரக்கட்டையால் நசுக்கி, பிராந்தி ஊற்றி, இனிப்பு சோடாவால் நிரப்ப வேண்டும். வேரும் பட்டையும் ஊறிய கசப்புச் சாறுதான் பிட்டர்ஸ். கைக்குள் அடங்குகிற பாட்டில். அது பார் மேடையில் இருந்ததே இல்லை. அடுப்படி அலமாரியில் வனிலாவுக்கும் ஜாதிக்காய்க்கும் நடுவே இருக்கும். வயிறு உப்பிக்கொண்டால் சோடாவில் நாலு துளி விட்டுப் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுப்போம்.

அண்ணனுக்கு ஒரே பிள்ளை, டெரெக். அவனுடைய மூக்கும் நாக்கும் கடவுள் கொடுத்தவை. எங்கள் மாநிலத்தில் அப்பா பக்கத்தில் நின்றால் பிள்ளைக்கும் மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கலாம்; சட்டமே அப்படி. பதினாலு வயதில் அவன் தோளில் கைபோட்டு அங்கே கூட்டிப்போனார் அண்ணன். "என் பையன் மூக்கப் பாருங்கடா!" என்று ஊரையே கூப்பிட்டார். நிலவறையில் எதையாவது கலந்து, கண்ணை மூடச் சொல்லிக் கொடுப்பார். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொல்வான். மார்லிஸ் அண்ணி மாடிப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"அவனுக்குக் காலையில பள்ளிக்கூடம் இருக்கு, லைல்."

"இத எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்க? நீ போய்ப் படு!"

படித்து முடித்ததும் மில்வாக்கியில் ஒரு சின்ன பீர் ஆலையில் டெரெக்குக்கு வேலை கிடைத்தது. அண்ணன் அந்த ஆலையின் தொப்பியைத் தூங்கும்போதும் கழற்றவில்லை. பிறகு நடந்ததை நீட்டி முழக்க எனக்கு மனசு இல்லை. பையன் குடித்தான். முதலில் வேலைக்காக, பிறகு வேலைக்குப் போவதற்காக. வேலை போயிற்று, கட்டிக்கொள்ள இருந்த பெண் போனாள், பனியில் கார் மரத்தில் ஏறியது. கடைசியில் குடி மறக்கவைக்கிற விடுதியில் போய்ச் சேர்ந்தான்.

அங்கிருந்து வெளியே வந்து கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தான். குடிக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் அங்கே ஒரு பதக்கம் தருவார்கள். பத்தாவது மாதப் பதக்கத்தைப் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பினான். கூடவே ஒரு வரி: ஒரு வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட வீட்டுக்கு வரவேண்டும்போல் இருக்கிறது, ஆனால் அந்த வீட்டில் ஒரு சொட்டு இருந்தாலும் வரமாட்டேன்.

அன்றைக்கே அண்ணன் நிலவறையில் இறங்கினார். நானும் போனேன். தேதி எழுதிய பாட்டில்கள், டெரெக் பிறந்த வருடம் காய்ச்சி அவனுடைய கல்யாணத்துக்கென்று வைத்திருந்த கறுப்பு பீர், விருந்தாளிகளின் பிராந்தி, எல்லாவற்றையும் சலவைத் தொட்டியில் கவிழ்த்தார். ஒவ்வொன்றையும் ஒரு முறை முகர்ந்தார், வாயில் வைக்கவில்லை. கூட்டாளிகள் ஓடிவந்தார்கள்.

"பைத்தியமா லைல்? எங்ககிட்ட கொடுத்தா நாங்க வெச்சுக்க மாட்டோமா?"

"உங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு. போங்கடா" என்றார்.

சனிக்கிழமைக் கூட்டம் அத்தோடு நின்றது. பீர் காய்ச்சின அண்டாவில் மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சினார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பெருமை. ஆனால் அவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பிள்ளை வருகிறான், கையில் என்ன கொடுப்பது? கிளாஸ் இல்லாமல் வாவென்று சொல்ல அவருக்குத் தெரியாது. சாராயமே இல்லாமல் அந்த காக்டெயிலைக் கொண்டுவந்துவிடலாம் என்று கிளம்பினார். புளிப்புச் செர்ரிச் சாறு, மேப்பிள் பாகு, கொதித்த இஞ்சி, பிராந்திக்குப் பதிலாகப் புகை போட்ட டீ. என் வாய் அவருடைய சோதனைக்கூடம் ஆயிற்று.

"எப்படி இருக்கு?"

"சர்ச்சுல ஞாயித்துக்கிழமை சின்னப் பிள்ளைங்களுக்குக் கொடுப்பாங்களே சர்க்கரைத் தண்ணி, அது மாதிரி இருக்கு."

"உனக்கு நாக்குல விஷம்" என்று திட்டிவிட்டு மறுபடி கலப்பார். ஒரு நாள் என்னவோ தோன்றி அடுப்படிக்கு ஓடி, பிட்டர்ஸை எடுத்துவந்து ரெண்டு துளி தட்டினார். "இப்ப குடி."

குடித்தேன். பிராந்தியே இல்லாத கிளாஸில் பிராந்தி வந்து நின்றது. அண்ணியும் குடித்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பிள்ள கையில கொடுக்க ஒண்ணு கெடச்சிருச்சு" என்றாள். மூன்று பேர் அங்கே நின்றோம். பிராந்தியைவிடச் சாராயம் அதிகமாக உள்ள சரக்கு அந்த பிட்டர்ஸ். பாட்டில் மேலேயே எழுதியிருக்கிறது. எங்களுக்கு அது வயிற்று மருந்து. மூன்று பேரில் ஒருவருக்கும் அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஊரில் வேறு எவனுக்காவது தோன்றியிருக்கும் என்றும் நான் நம்பவில்லை.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். இளைத்திருந்தான், ஆனால் கண் தெளிவாக இருந்தது. மேலே அண்ணி மீனை மாவில் புரட்டிக்கொண்டிருந்தாள். அவன் நிலவறைக்கு இறங்கி, காலி அலமாரிகளைப் பார்த்தபடி நின்றான்.

"எல்லாமேவாப்பா?"

"எல்லாமே."

"நான் பொறந்த வருஷத்துது?"

"அதத்தான் மொதல்ல ஊத்தினேன்."

டெரெக் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அண்ணன் அவன் முதுகைத் தட்டிவிட்டு மேடைக்குப் பின்னால் போய்விட்டார். ஆறுதல் சொல்ல வராத மனிதர்; கலக்கத் தொடங்கினார். கிளாஸோடு வந்து, "டேய், கண்ண மூடு" என்றார்.

"என்னப்பா அது?"

"விஷமா கொடுக்கப்போறேன்? ஒரு சொட்டு சாராயம் கிடையாது. வேணும்னா உங்க அத்தையக் கேளு."

"பீப்பாய்க் கணக்குல குடிச்சிருக்கேன்டா. இன்னும் நேராத்தான் கார் ஓட்டறேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே கண்ணை மூடி ஒரு வாய் குடித்தான். சிரிப்பு நின்றது. யோசிக்கிறான் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தான். அண்ணன் தோளில் துண்டோடு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"செர்ரி" என்றான் டெரெக். "மேப்பிள். இஞ்சி. புகை போட்ட டீ. பிராந்திக்குப் பதிலா டீயா? யாருப்பா சொன்னது?"

"யாரு சொல்லணும்? நானேதான்!"

"ஆரஞ்சுத் தோல்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்பா."

"ஒண்ண விட்டுட்ட!" அண்ணன் துண்டை எடுத்துச் சுழற்றினார். "உன் நாக்கு துருப்பிடிச்சுப் போச்சுடா! வாழ்க்கையில இன்னிக்குத்தான் உன்ன ஜெயிச்சேன்!"

"ஆமாப்பா. நீங்கதான் ஜெயிச்சீங்க."

கிளாஸைக் காலி செய்தான். இன்னொன்று கலந்து நீட்டினார். அதையும் வாங்கிக் குடித்தான்.

மேலே வந்து மீனைச் சாப்பிட்டான், அண்ணியின் முட்டைக்கோஸ் சாலட்டைப் புகழ்ந்தான். பிறகு பல் விளக்குகிற பிரஷை மறந்துவிட்டேன், வாங்கி வந்துவிடுகிறேன் என்றான். நான் கூட வருகிறேன் என்றதற்கு, "எதுக்கு அத்தை, இதோ வந்துடறேன்" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தான். அண்ணன் அவன் படுக்கைக்குக் கூடுதலாக ஒரு கம்பளி எடுத்துப் போட்டார்.

மறுநாள் காலை போலீஸ்காரர் வந்தார். ஊருக்கு வெளியே ஒரு மதுக்கடையின் பின்புறம், காருக்குள் குளிரில் விறைத்துக் கிடந்தவனைக் கண்டெடுத்திருந்தார்கள். பிழைத்தான். வலது கையில் ரெண்டு விரல் நுனி போயிற்று. திரும்பவும் அதே விடுதி, திரும்பவும் முதல் நாள்.

அண்ணன் காரணம் தேடித் தேடி ஓய்ந்துபோனார். காலி அலமாரியைப் பார்த்துத்தான் மனசு உடைந்திருக்கும் என்றார். சாப்பாட்டு மேசையில் நீ வேலையைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாது என்று அண்ணிமேல் பாய்ந்தார். அண்ணி தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

ஏப்ரலில் விடுதியிலிருந்து குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். வட்டமாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அங்கே கூட்டம் நடத்துகிற அம்மா, "டெரெக், சொல்லணும்னு சொன்னியே" என்றார். அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பேசினான்.

"அன்னிக்கு நீங்க கொடுத்ததுல பிட்டர்ஸ் இருந்துச்சுப்பா."

அண்ணன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். கடவுளே, அதை நான் பார்த்தேன். "கண்டுபிடிச்சிட்டியா?" என்று கேட்டேவிட்டார்.

"மொதல்ல தெரிஞ்சதே அதுதான். அது சாராயம்பா."

"வயித்து வலிக்குக் கொடுக்கறதுடா அது..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "ரெண்டு துளிதானேடா" என்றார்.

"ரெண்டு துளியில ஒண்ணும் ஏறாது. ஆனா நாக்குல பட்டதும் பத்து மாசமும் போச்சுன்னு தோணிடுச்சு. போனது போச்சு, இனி எவ்வளவு குடிச்சா என்னன்னு கெளம்பிட்டேன். தப்பு என்னோடதுதான். அத உங்க தலையில போட நான் கூப்பிடல."

"கீழ வெச்சிருக்கலாமேடா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"எல்லாத்தையும் ஊத்திட்டு, துண்டப் போட்டுக்கிட்டு நின்னீங்க. எப்படிப்பா சொல்றது?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க கொடுத்த எதையுமே நான் வேணாம்னு சொன்னதில்ல. பதினாலு வயசுல பீர் எனக்குப் பிடிக்கவே இல்லப்பா. குமட்டிச்சு. வாசனைய மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கலாம்னு பார்த்தேன். நீங்க ஊரையே கூப்பிட்டுக் காட்டினீங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

அண்ணி அழுதாள். அண்ணன் அழவில்லை. வெல்டிங் கண்ணாடி இல்லாமல் நெருப்பைப் பார்த்தவர் மாதிரி இமைத்துக்கொண்டே இருந்தார்.

"இனிமே நான் வீட்டுக்கு வரலப்பா" என்றான் டெரெக். "கோவம் இல்ல. சத்தியமா இல்ல. உங்ககிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு இன்னும் வரல. அது வர்ற அன்னிக்கு வர்றேன்."

வீடு திரும்புகிற வழியெல்லாம் அண்ணனையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாவம் என்று சொல்வதா, பார்த்தும் தெரியாத மனிதர் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஊரில் எவன் பீரில் என்ன குறை என்று மோந்து சொன்னவர். பெற்ற பிள்ளை முகத்தில் இருந்தது அவருக்குத் தெரியவில்லை.

இப்போது மாதத்துக்கு ஒரு முறை மில்வாக்கிக்குப் போகிறார். டெரெக் தங்கியிருக்கிற தெருவில் ஒரு காபிக் கடை. அங்கே உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். அண்ணி கசகசா வைத்துச் சுட்ட ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் காரில் வைப்பாள். அண்ணன் எடுத்து மறுபடி மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போவார். அதற்காகச் சண்டையும் நடக்கும்.

போன முறை திரும்பி வந்தவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். டெரெக்கின் காபி நன்றாக இருந்ததாம். ஏலக்காயும் ஆரஞ்சும் போட்டது. அவன் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி, "ஒரு வாய் குடிச்சுப் பாருங்கப்பா, உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்றானாம். அவனாக ஒன்றை நீட்டியது அதுதான் முதல் தடவை.

"என்ன சொன்ன?"

"வேணாம்டான்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு அறிவு இருக்கா அண்ணா? அவனே ஆசையா நீட்டியிருக்கான். ஒரு வாய் குடிச்சா என்ன கொறைஞ்சுபோகும்?"

அண்ணன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்னு சொன்னதுக்கு அப்புறமும் அப்பன் உக்காந்திருக்கான், மகனும் உக்காந்திருக்கான், ஒண்ணும் ஆகலன்னு அவன் ஒரு தடவ பார்க்கட்டும்னுதான்" என்றார். பிறகு, "குடிக்க ஆசையாத்தான் இருந்துச்சு, ஜேனிஸ்" என்றார்.