எங்கள் நங்கை கேட்ட ‘நாம்’

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். என் நங்கையின் பெயர் சுப்பாத்தாள். வேலந்தாவளத்துக்குக் கிழக்கே கோயமுத்தூர் ஜில்லாவில் பிறந்து, கேரள எல்லை தாண்டி வடகரப்பதிக்கு வாழ வந்தவர். அண்ணன் ஈஸ்வரமூர்த்தி காலையிலேயே வாளையாருக்கு வேலைக்குப் போய்விடுவார். எருமைகளும் கடலைக்காடும் நங்கையின் பொறுப்பு. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் அவர் பேசும் மலையாளத்தில் பாதி கொங்குத் தமிழ். யாராவது சிரித்தால், “புரிஞ்சுதில்ல? அப்பறமென்ன சிரிப்பு?” என்பார். சிரித்தவர்தான் தலை குனிவார்.

1977 ஐப்பசியில் நான் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியபோது நங்கை கோபத்தில் இருந்தார். ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ்ப் பிரிவு ஒன்றும் மலையாளப் பிரிவு ஒன்றும் உண்டு. பிள்ளைகள் வருவதில்லை என்று சொல்லி, வருகிற ஜூனோடு தமிழ்ப் பிரிவை மூடப் போகிறார்களாம். நங்கையின் கடைசி மகள் அந்த ஜூனில்தான் பள்ளிக்குப் போக வேண்டும்.

“கடலப் பறிப்பு நாள்ல வந்து எண்ணுனா பள்ளிக்கூடத்துல எவன் இருப்பான்? அத்தனையும் கடலக்காட்டுல கெடக்குது,” என்றார்.

மறுநாள் எருமைக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டே என்னைச் சீண்டினார். “கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் போனயே அம்மிணி, அங்கெல்லாம் என்ன பேச்சுப் பேசுனே?”

மணிலாவில் நர்ஸ் படிப்பு படித்தபோது கற்றது பிலிப்பினோ. பிறகு அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளிடம் கற்றது நவஹோ. ஒன்று கடல் சூழ்ந்த தீவுகளின் மொழி, மற்றது தண்ணீரே காணாத மண்ணின் மொழி. பிலிப்பினோவில் பெரியவர்களிடம் பேசும்போது ‘போ’ என்று ஒரு சொல்லைச் சேர்ப்பார்கள் என்றேன்.

“பெரியவிய கிட்டப் போயி ‘போ’ங்கறதா?”

“நம்ம ‘ங்க’ மாதிரி நங்கை, மரியாதைக்கு.”

நவஹோவில் அப்படி ஒரு ஒட்டு என் காதில் விழவில்லை. அங்கே உறவுமுறை சொல்லி அழைப்பதே மரியாதை. ஆனால் வினைச்சொல்லை நம்மைப் போலவே கடைசியில் வைப்பார்கள். பிலிப்பினோக்காரர்கள் அதைத்தான் முதலில் வைப்பார்கள். நவஹோவில் ‘கொடு’ என்பதற்கு ஒரே சொல் போதாது. உருண்டைப் பொருளுக்கு ஒன்று, நீளக் குச்சிக்கு ஒன்று, கயிறு போல வளைவதற்கு வேறொன்று.

நங்கை அரிவாளை நிறுத்தினார். “புண்ணாக்குக்கு ஒரு ‘குடு’, தட்டுக்கு ஒரு ‘குடு’, தும்புக் கயித்துக்கு ஒரு ‘குடு’வா? அதையெல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள எரும பட்டினில செத்துப்போகும்.”

அவ்வளவு நுணுக்கமானவர்கள், ‘நாம்’ என்பதில் பிரிப்பதில்லை என்றேன். கேட்பவரைச் சேர்த்தாலும் விட்டாலும் ‘நிஹீ’ ஒன்றுதான். ‘நீங்கள்’ என்பதற்கும் அதே சொல். யாரென்று வினைச்சொல்லை வைத்துக் கண்டுகொள்வார்கள். பிலிப்பினோக்காரர்கள் நம்மைப் போல. கேட்பவரையும் சேர்த்தால் ‘தாயோ’, சேர்க்காவிட்டால் ‘கமி’.

“நாம, நாங்க,” என்றார் நங்கை. “மலையாளத்துலயும் இருக்குதே. நம்மள், ஞங்ஙள்.” பிறகு தட்டை வாரி எருமைக்குப் போட்டார்.

அந்த வாரமே கல்வி அதிகாரி பள்ளிக்கு வந்து கூட்டம் போட்டார். கோட்டயம் பக்கத்து மனிதர், நல்ல சுபாவம். ஊர் ஆண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் முறையிட்டார்கள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “நமுக்கு நோக்காம்” என்று எழுந்தார். நாம் பார்க்கலாம் என்று அர்த்தம். எந்த ஆபீசிலும் அதைக் கேட்டால் காரியம் ஆகாது, வீட்டுக்குப் போ என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து நங்கையின் குரல் வந்தது. “ஏனுங்க சார், கொஞ்சம் நில்லுங்க. ‘ஞங்ஙள் நோக்காம்’னு சொல்லியிருந்தீங்கன்னா நாங்க பேசாம ஊட்டுக்குப் போயிருப்போம். நீங்க ‘நமுக்கு’ன்னீங்க. அப்ப நானும் அதுல சேர்த்திதானுங்களே?”

அதிகாரி திகைத்தார். “அதொரு பேச்சல்லே, அம்மே.” சும்மா பேச்சுக்குச் சொல்வதுதானே என்கிறார்.

“பேச்சுத்தானுங்க. நோக்காம்னா பாக்கலாம். வாங்க, நாம போயிப் பாக்கலாம். புள்ளைக இருக்கற கடலக்காடு பக்கந்தானுங்க.”

பக்கத்துத் தோட்டத்து மலையாளி ஒருவர், “சாரே, பெட்டு,” என்றார். மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம். முதலில் சிரித்தவர் அதிகாரிதான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

நங்கை முன்னால் நடந்தார். வரப்பில் அவருக்குப் பின்னால் அதிகாரி, அவருடைய கிளார்க், பிறகு தமிழும் மலையாளமுமாக ஊர். எத்தனையோ நாட்டுத் தெருக்களில் எத்தனையோ ஊர்வலங்கள் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு மனுஷி முன்னே நடக்க, பின்னால் நான் போனது அன்று ஒன்றுதான். நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன்.

காட்டில் பெரியவர்கள் கொடியைப் பிடுங்கிப் போட, பிள்ளைகள் உட்கார்ந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நங்கை கைதட்டி, “ஒண்ணாங்கிளாசுத் தமிழெல்லாம் எந்திரிங்க கண்ணுகளா,” என்றார். முழங்கால் வரை செம்மண்ணோடு அங்கங்கே எழுந்தார்கள். பக்கத்துக் காட்டிலிருந்தும் குரல் கேட்டு ஓடி வந்தார்கள். அதிகாரி ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டார். ஒரு பெண் பேரோடு நிறுத்தாமல் ‘அ’ முதல் ‘ஔ’ வரை ஒப்பித்தாள்.

அவர் கிளார்க்கின் பக்கம் திரும்பினார். “தமிழ் கிளாஸ் நில்க்கட்டெ,” என்றார். நிற்கட்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. இனிமேல் பறிப்பு மாதத்தில் வந்து எண்ண வேண்டாம் என்றும் சொன்னார்.

ஜூனில் நங்கை மகளைத் தமிழ்ப் பிரிவில் சேர்த்தார். சேர்த்த கையோடு அடுத்த அறைக்குப் போய் மலையாள வாத்தியாரைப் பிடித்தார். “இவளுக்கு மலையாளமும் நல்லாச் சொல்லிக் குடுங்க சார். நாளைக்கு ஆபீசருங்க கிட்ட இவதானுங்க பேசோணும்.”