அம்மாக்கண்ணுவின் முழங்கால்

இலங்கை மலைநாட்டில், டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாக்கண்ணுவுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. பட்டிப்பொல ஸ்டேஷனில் எஞ்சின்காரரிடமே போய், மேட்டில் ரயில் ஏன் அப்படி மூச்சு வாங்குகிறது என்று கேட்டவள்.

1957இல், தேயிலைச் செடிகளைக் கட்டையாக நறுக்கிக் கவ்வாத்து வெட்டிய மலையில் வழுக்கி விழுந்தாள். வெட்டிய தேயிலைக் குச்சி முழங்காலில் குத்தியது. சின்னக் காயம்தான், மஞ்சள் அப்பிவிட்டு மறந்துபோனாள். சில நாளில் முழங்கால் வீங்கி, குளிர்காய்ச்சலும் வந்தது. சுளுக்கு என்றார் கணவர் சிவசாமி. எண்ணெய் போட்டு உருவிவிட, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஓர் ஆளையும் கூட்டிவந்தார். அம்மாக்கண்ணு காலைத் தொடவிடவில்லை.

"சுளுக்குன்னா காய்ச்சல் ஏங்க வருது?"

சிவசாமி வந்த ஆளைத் திருப்பி அனுப்பினார். அவளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துக்காரர் முத்துலிங்கத்திடம் போனார். அவர் இரண்டு முழங்காலிலும் புறங்கையை மாற்றி மாற்றி வைத்தார். ஒன்று சில்லென்றிருந்தது, மற்றது கொதித்தது. அதை இம்மியும் மடக்க முடியவில்லை.

"மூட்டுக்குள்ள சீழ் புடிச்சிருக்கும் போல. இத உருவக்கூடாதுங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றவர், தோட்டத்து லொறியிலேயே அனுப்பிவைத்தார்.

நுவரெலியாவில் டாக்டர் மூட்டுக்குள் ஊசி செலுத்தி, கலங்கிய மஞ்சள் நீரை இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் அதைக் காட்டச் சொன்னாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. எலும்புகள் உரசாமலிருக்க மூட்டுக்குள் முட்டை வெள்ளைக்கருபோல் கொஞ்சம் நீர் இருக்கும், காயத்தின் வழியே கிருமி அதற்குள் போய்விட்டது, விட்டிருந்தால் மூட்டையே அரித்திருக்கும் என்று விளக்கினார். சீழை மறுபடியும் மறுபடியும் எடுத்தார்கள். பென்சிலின் ஊசி போட்டார்கள். அசையாதபடி காலுக்கு மட்டை வைத்துக் கட்டினார்கள்.

காய்ச்சல் விட்டதும் நர்ஸ் காலை மடக்கச் சொன்னாள். ஆட்டாதே என்றவர்கள் இப்போது ஏன் மடக்கச் சொல்கிறார்கள் என்று அதற்கும் கேள்வி. சும்மா கிடந்தால் மூட்டு இறுகிவிடும் என்றாள் நர்ஸ். அம்மாக்கண்ணு அழுதுகொண்டே மடக்கினாள்.

கால் பிழைத்தது, ஆனால் முழுதாக மடங்கவில்லை. மலை ஏற முடியாதவளுக்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. அங்கே ஒருநாள், கொழுந்து பறிக்கப் போன காளியாயியின் கைக்குழந்தை காய்ச்சலோடு, ஒரு காலை மட்டும் அசைக்காமல் கிடந்தது. துணி மாற்றத் தொட்டாலே வீறிட்டது. அம்மாக்கண்ணு உடனே தாயைக் கூப்பிட்டனுப்பினாள்.

"காலப் புடிச்சு இழுத்துறாத காளியாயி. முத்துலிங்கம் ஐயாகிட்ட காட்டுவோம், வா."

இடுப்பு மூட்டில் சீழ். ஆஸ்பத்திரியில் அன்றே திறந்து எடுத்தார்கள். குழந்தை பிழைத்து, பின்னால் நடக்கவும் பழகியது.

அம்மாக்கண்ணு முத்துலிங்கத்தை விடவில்லை. குழந்தையின் காலில் காயமே இல்லையே, கிருமி எப்படிப் போனது? வேறெங்காவது இருக்கும் புண்ணிலிருந்து இரத்தத்தோடும் போகலாம் என்றார் அவர். மறுநாளிலிருந்து அவள் பிள்ளைக்காம்பராவில் ஒவ்வொரு குழந்தையின் தலைமுடியையும் விலக்கிச் சிரங்கு தேடினாள்.