எரியாத பியூஸ்

தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பிழைப்பே வேண்டாமென்று மலேசியாவின் பீடோர் ரப்பர் ஆலைக்கு வயர்மேனாக வந்தவன் சீனி. தன் கையில் எந்த மெஷினும் நின்றதில்லை என்ற திமிர் அவனுக்கு. 1982இல், உலர்த்தும் அடுப்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சுக்குக் காவலாக இருந்த வேக பியூஸ் எரிந்தது. ஈப்போவிலிருந்து புதியது வரும்வரை காத்திருக்காமல் சாதா பியூஸை மாட்டினான்.

“இது மெதுவா எரியும், அதுக்குள்ள தைரிஸ்டர் செத்துட்டா அடுப்பு அணையாதுன்னு நீதானே தம்பி சொன்ன?” என்றாள் அடுப்பைப் பார்க்கும் முத்தம்மா.

“ஒண்ணும் ஆகாதுலா, அக்கா!”

மறுநாள் அடுப்புக் கம்பியில் பொறி பறந்தது. முத்தம்மா தைரிஸ்டரை நிறுத்தும் சுவிட்சை அணைத்தாள். சூட்டைக் காட்டும் முள் இறங்கவில்லை, ஏறியது.

சீனி ஓடிவந்து பெட்டியைத் திறந்தான். அவன் மாட்டிய பியூஸ் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் ரப்பர் புகைய ஆரம்பித்தது.