ஏரம்புவின் பத்து நாள் உத்தியோகங்கள்

துணுக்காயில் வயல் செய்யும் கமக்காரன் ஏரம்பு தொண்டர் படைப் பயிற்சிக்கென்று முகாமுக்கு வந்த நாள்முதல், மனதுக்குள் தினம் ஓர் உத்தியோகம் பார்த்தான். லொறியைக் கண்டால் சாரதி. குசினியில் இறைச்சி மணத்தால் சமையற்காரன். சார்ஜன்டின் முறுக்கு மீசையைக் கண்டதும் தலை கிறுகிறுத்துவிட்டது. "நான் சார்ஜன்ட் ஆகப்போறன். எருமையளை வித்துப்போடு" என்று மனைவி விமலேஸ்வரிக்குக் கடிதமே போட்டுவிட்டான்.

பத்தாம் நாள், அணியை நடத்திக் காட்டும் முறை அவனுக்கு வந்தது. நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தான். நெல்லுச் சூடு மிதிக்கும் களத்தில் எருமைகளை வட்டமாக ஓட்டும் குரல்தான் வந்தது.

"பொலியோ பொலி!"

சும்மா சொல்லக்கூடாது, நல்ல கணீர்க் குரல். அணியில் நின்ற இருபது பேரும் கமக்காரர்கள். "பொலி, பொலி!" என்று பதில் கொடுத்தபடி வட்டமாகச் சுற்றத் தொடங்கினார்கள். மறிக்கப் போன சார்ஜன்டும் நடுவில் அகப்பட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார்.

அன்று பின்னேரமே ஏரம்பு தந்தியடித்தான்: "எருமையளை விக்காதை."